திருப்பிச் சொல்லச் சொன்னவர்

போத்தனூர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் சிஸ்டர் ஏறியதும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். பதில் சொல்ல வாய் காலியாக இருக்க வேண்டும் என்பது கண்டக்டருக்குப் பழகிப்போயிருந்தது.

"ஏனுங்க தம்பி, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிப்பாட்டோணுமுங்க. இப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிப்பாட்டோணும்னு சொன்னீங்க சிஸ்டர்."

"நிப்பாட்டறதுன்னா?"

"வண்டி முழுசா நின்னு, நீங்க எறங்குன பொறகுதான் விசில் அடிப்பேனுங்க."

"செரிங்க" என்று சொல்லி, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உட்காருவார். அவர் முகத்தில் கேலியின் சாயல்கூட இருக்காது. பஸ் முழுவதும் சிரித்தாலும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

கொடுமுடியில் பிறந்தவர், குள்ளமானவர், வெள்ளைச் சேலையின் மடிப்பு மாலை வரை கலையாதவர். போத்தனூரில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே அழைத்தோம். எதைச் சொன்னாலும் கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வது அவர் வழக்கம். தையற்காரர் ஜாக்கெட்டின் அளவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பால்காரர் எந்தெந்த நாள் பால் வேண்டாம் என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டுவதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "தலையாட்டறதெல்லாம் பதிலுங்களா? கிரைண்டர் கூடத்தான் சுத்துது. அதுக்கு ஏதாச்சும் புரிஞ்சுதா?" என்பார்.

கிரைண்டரை அவர் உவமையாக்கியதற்கு என் தொழிலும் ஒரு காரணமாக இருக்கலாம். தொண்ணூறுகளின் முற்பாதியில், கோவையில் கிரைண்டர், பம்ப்செட், பூச்சிமருந்து முதலியவற்றின் உபயோகக் குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தருவது என் பிழைப்பாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மா, தம் வீட்டுக் கிரைண்டரோடு வந்த குறிப்பைப் படித்துவிட்டு, அதை எழுதியவர் யார் என்று கடையில் விசாரித்து என்னை வரச் சொல்லி ஆளனுப்பினார். அவர் மேஜை மேல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு பக்கங்கள் இருந்தன.

"ஒரு புது முறை வந்திருக்குது. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். மலேரியாவுக்குக் கொடுத்திட்டிருந்த ஒரு மருந்தைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, மெல்லிசான குழாய் வழியா கர்ப்பப்பைக்குள்ள வைக்கிறோம். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை. கருக்குழாயோட வாய் புண்ணாகி, தழும்பேறி, தானா மூடிக்கும். வந்த பொண்ணு சித்த நேரத்துல எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார் டாக்டரம்மா.

அவர் கண்கள் ஒளிர்ந்தன. அவற்றில் பொய் இல்லை. கத்திக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஆறாவது பிரசவத்தில் தம் கைகளிலேயே உயிர்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி அவர் அன்று சொன்னார். அந்தப் பெண்ணின் பொருட்டே இந்த மாத்திரைப் பெட்டியை அவர் எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். பெண்களுக்குக் கொடுக்க ஒரு தமிழ்த் துண்டறிக்கை வேண்டும். அதை எழுதுவதுதான் என் வேலை.

நான் மூன்று நாளில் எழுதி முடித்தேன். நன்றாக எழுதியிருப்பதாகவே எண்ணினேன். டாக்டரம்மா, "சிஸ்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்றார்.

துணிகள் அடுக்கிய அறையில், ஸ்டூலில் அமர்ந்து சிஸ்டர் அதை வாய்விட்டு வாசித்தார். "அறுவை சிகிச்சையற்ற, வலியற்ற, பாதுகாப்பான இம்முறையானது..." அங்கேயே நிறுத்தினார்.

"அம்மணி, நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. ஆனா கிரைண்டருக்கு எழுதுன மாதிரி இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எந்த இடத்தில்?" என்றேன்.

"பாதுகாப்பானதுன்னு யாருங்க சொன்னாங்க?"

"இங்கிலீஷில் அப்படித்தான் இருக்கிறது."

"இங்கிலீஷ்ல எழுதுனது யாரு?"

"டாக்டரம்மா."

"அப்ப வாங்க, கேட்டுப்போட்டு வரலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார். அங்கே நடந்த பேச்சை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு மாதச் சாமான் பட்டியல் பேசுவதுபோலத்தான் கேட்டிருக்கும்.

"வெளிநாட்டுல நெறையப் பொம்பளைங்க வெச்சிருக்கறாங்கன்னு சொன்னீங்க, டாக்டரம்மா. அவங்கெல்லாம் இருபது வருசம் கழிச்சு எப்படி இருப்பாங்க?"

"அது இன்னும் தெரியாது சிஸ்டர். மிருகங்களை வெச்சுச் சோதனை முடியட்டும், அது வரைக்கும் நிறுத்தி வையுங்கன்னு சொல்றவங்களும் இருக்கறாங்க. எல்லாப் புது மருந்துக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப அதையும் எழுதிப்போடலாமுங்களா?"

"அதை எழுதினா யார் வருவாங்க?"

"வாரவங்க தெரிஞ்சு வருவாங்க."

டாக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். கடைசியில், "ஒரு வரி. ஒரே ஒரு வரிதான்" என்றார். வெளியே வந்ததும் சிஸ்டர் என்னிடம், "ஒரு வரி போதுமுங்க. நீளமா எழுதத்தான் உங்களுக்குத் தெரியுமே" என்றார். 'இந்த மருந்து உடம்புக்குள் போன பிறகு பல ஆண்டுகள் கழித்து என்ன செய்யும் என்பது டாக்டர்களுக்கே இன்னும் தெரியாது' என்ற வரி அப்படித்தான் எழுதப்பட்டது. பாதுகாப்பானது என்ற சொல் போயிற்று. வலியற்றது என்பதும் போயிற்று. ஐந்து முறை திருத்திய பின்னரே அந்தத் துண்டறிக்கை அச்சுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் சிஸ்டர் அதை ஆஸ்பத்திரியில் பெருக்க வரும் பெண்ணிடம் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார். அவள் திணறிய இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து என்னிடம் கொடுப்பார். முதல் பிரதியில் முப்பதுக்கு மேல் புள்ளிகள் இருந்தன. அம்மை போட்ட குழந்தையைப் போல இருந்தது அந்தத் தாள்.

இந்த வழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு முறை மட்டும், பஞ்சு மடித்துக்கொண்டே சொன்னார். இளம் வயதில் வேறு ஊரில் ஒரு கருத்தடை முகாமில் வேலை பார்த்திருக்கிறார். சம்மதத் தாளில் ரேகை வைக்க வரிசையில் நின்ற பெண்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியது அவர்தான். ஓராண்டு கழித்து அவர்களில் ஒரு பெண் மல்லிகைப் பூவோடு அவரைத் தேடி வந்தாளாம். "ஒரு வருசம் முடிஞ்சுதுங்க, இனிப் பெத்துக்கலாமுங்களா?" என்று கேட்டாளாம். அவளிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். சிஸ்டர் இவ்வளவும் சொல்லிவிட்டு, மடித்த பஞ்சுகளை எண்ணாமலே டப்பாவில் போட்டு மூடினார். அதன் பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆனால் அவரோடு இருந்த பொழுதுகளில் பெரும்பாலானவை சிரிப்பில்தான் கழிந்தன. அவருடைய அக்கா மகளைப் பெண் பார்க்கப் பவானியிலிருந்து வந்திருந்தார்கள். பெண் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள் என்று பெண்ணின் அப்பா சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒருமிக்கத் தலையாட்டினார்கள். காபி டம்ளர்களை எடுக்க வந்த சிஸ்டர் மாப்பிள்ளையின் தகப்பனார் முன் நின்று, "ஏனுங்க மாமா, இப்ப எங்க மச்சான் என்ன சொன்னாரு?" என்றார். அவர் உற்சாகமாக, "பொண்ணு வேலைக்குப் போகும், ஒரு வருசத்துல உட்டுப்போடும்" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றே கலைந்தது. அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அக்கா மகளோ சித்தியின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

துண்டறிக்கை வந்த பிறகு ஆஸ்பத்திரியில் பெண்கள் கூட்டம் பெருகியது. சிஸ்டர் மேஜைக்கும் காத்திருப்போர் பெஞ்சுக்கும் நடுவே ஒரு துணித் திரை மட்டும்தான். ஒவ்வொருவரும் உள்ளே போய், துண்டறிக்கையில் உள்ளதைத் தம் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகே டாக்டரம்மாவின் அறை. எழுத்தில் எங்கே குறை என்று பார்க்க நானும் சில நாட்கள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் மயிலாத்தாளைப் பார்த்தேன். நூற்பு மில்லில் பதிலித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். விடாமல் வருகிறவர்களின் பெயர் பட்டியலில் மேலே ஏறும். ஏறி ஏறி ஒரு நாள் வேலை நிரந்தரமாகும். பத்து நாள் வராவிட்டால் பெயர் அடிக்கு இறங்கிவிடும். அவளுக்கு இரண்டு குழந்தைகள். மூன்றாவது உண்டானால் மில் வேலை போயிற்று. ஆபரேஷன் செய்துகொண்டு படுத்தால் பட்டியலில் இடம் போயிற்று. கத்தியில்லாத இந்த முறை தனக்காகவே வந்தது என்று நினைத்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு ஷிப்டு முடிந்ததும் ஓடி வந்திருந்தாள்.

சிஸ்டர் "சொல்லுங்க அம்மணி" என்றதும் மயிலாத்தாள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலத் தொடங்கினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. உருண்டை, குழாய், ஒரு மாதம், தழும்பு, மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு, பிறகு மாற்ற முடியாது, பல ஆண்டுகள் கழித்து என்ன செய்யும் என்பது டாக்டர்களுக்கே தெரியாது. மூச்சு விடாமல் தொடர்ந்தாள். "எங்க மாமியாருக்குச் சர்க்கரை, நாந்தான் ஊசி போடோணும், அதனால படுத்துக்க முடியாதுங்க."

சிஸ்டர் நிமிர்ந்தார். "உங்க மாமியாருக்கா?"

மயிலாத்தாள் விழித்தாள். "எங்க மாமியா செத்து நாலு வருசமாச்சுங்க."

திரைக்கு அப்பால் பெஞ்சே குலுங்கியது. மாமியாருக்குச் சர்க்கரை என்று சொன்னது, அவளுக்கு முன்னால் உள்ளே போன பெண். திரை வழியாகக் கேட்டுக்கேட்டு, அதுவும் சொல்ல வேண்டிய பாடத்தின் ஒரு பகுதி என்று மயிலாத்தாள் மனப்பாடம் செய்துவிட்டாள். முகம் சிவந்து நின்றவள், "அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் பாஸ் போடுவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு எம்மேலதானுங்க. சொல்றதைக் கேக்கறதுக்குன்னு வெச்சேன், பரிச்சையாப் போச்சு" என்றார். அன்று மாலைக்குள் திரை போய் மரத் தடுப்பும் கதவும் வந்தன. அவருக்கு அது போதவில்லை. மயிலாத்தாளிடம், "ஞாயித்துக்கெழமை உங்க ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அவருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

"அவருகிட்டயா? அவரு சோத்துல உப்பில்லைன்னாக் கூட வாயத் தொறக்க மாட்டாருங்க. அவரு வேண்டாம்னு சொல்லிப்போட்டாருன்னா?"

"அவரு சம்மதம் கேக்கச் சொல்லலீங்க கண்ணு. உடம்பு உங்குளுது, முடிவும் உங்குளுது. எனக்குச் சொன்னா ஒப்பிக்கறீங்க. அவருக்குச் சொன்னா வெளக்கிச் சொல்லியாகோணும்."

ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகம் வந்தார். பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுபவர். சலவைச் சட்டையில் நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். மயிலாத்தாள் அவருக்குச் சொல்லத் தொடங்கினாள். இந்த முறை வாய்ப்பாடு வரவில்லை. தடுமாறினாள். கைகளால் குழாயைக் காட்டினாள், விரல்நுனியால் உருண்டையைக் காட்டினாள். டாக்டரம்மாவும் உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார். புழுக்கம் தாங்காமல் மரக்கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

அவள் முடிக்கும் வரை ஆறுமுகம் அவள் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "புண்ணாக்கித் தழும்பாக்கி அடைக்கறதுங்களா? அந்தத் தழும்பு எந்த அளவுல நிக்குமுங்க?" என்றார்.

சிஸ்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா.

"அளவு தெரியாம நாங்க ஒரு இரும்புத் துண்டைக் கூட லேத்துல மாட்ட மாட்டோமுங்க" என்றார் ஆறுமுகம். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தொழில் பேச்சுப் போலத்தான் சொன்னார்.

மயிலாத்தாளின் கண்கள் நிறைந்தன. "அப்ப நான் என்னதான் பண்றது? ஆபரேசனுக்குப் படுத்தாப் பேரு கீழ போயிரும். இன்னொண்ணு வந்தா மில்லே போயிரும். நாலு வருசம் ஒரு நாள் உடாம ஓடியிருக்கறேன், தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

சிஸ்டர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மிகச் சாதாரணமாக, "ஆம்பளைங்களுக்கும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

ஆறுமுகம் நிமிரவில்லை. ஆனால் கேட்டார். "அதுக்கு எத்தனை நாள் லீவுங்க?"

"ரெண்டு நாள் படுத்திருந்தாப் போதும். ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது. மூணு மாசம் கழிச்சுச் சோதனை முடிவு வார வரைக்கும் எச்சரிக்கையா இருக்கோணும். கத்தி வெக்காம சின்னத் தொளை போட்டே இப்பப் பண்றாங்க. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன்."

"அது அளவு தெரிஞ்சதுங்களா?"

"தெரிஞ்சதுங்க. ரொம்ப வருசமாப் பண்ணிட்டிருக்கறதுதான்."

ஆறுமுகம் தாழ்ந்த குரலில், "தெம்பு கொறையுமுங்களா?" என்றார்.

சிஸ்டர் பதில் சொல்வதற்குள், வெளியே பெஞ்சிலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் வந்தது. "கொறஞ்சா நல்லதுதான் சாமி. சித்த அடங்கி இருப்பீங்க."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். ஆறுமுகமே சிரித்துவிட்டார். "கொறையாதுங்க. இப்பச் சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்?" என்றார் சிஸ்டர்.

ஆறுமுகம் சொல்லத் தொடங்கினார். துளை சொன்னார், இரண்டு நாள் சொன்னார், கனம் சொன்னார். நின்றுவிட்டார். செய்துகொண்ட பிறகும் மூன்று மாதம் பொறுத்து, சோதனை முடிவு வரும் வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைச் சிஸ்டர் இரண்டாவது முறை விளக்கினார். ஆறுமுகம் மறுபடியும் அதே இடத்தில் தடைப்பட்டு, மனைவியைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காதீங்க. மில்லுல நூல் அறுந்தா நாந்தான் முடிபோடறேன், பக்கத்து மெசின்காரியா வருவா? நீங்களே சொல்லுங்க" என்றாள் மயிலாத்தாள்.

மூன்றாவது முறை முழுவதும் சொன்னார். சிஸ்டர் "செரிங்க" என்றார்.

பின்னால் நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டில் சில பெண்கள், தெரியாது என்ற அந்த வரியையும் தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, மாத்திரையையே வைத்துக்கொண்டார்கள். சிஸ்டர் அவர்களைத் தடுக்கவில்லை. பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, விடுமுறை நாட்களில் தம் மொபெட்டில் போய் ஒவ்வொருவரையும் பார்த்துவந்தார். சில ஆண்டுகளில் அரசே அந்த முறைக்குத் தடை விதித்தது. செய்தி வந்த வாரம் சிஸ்டர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது டாக்டரம்மா, "நானும் வாரேன் சிஸ்டர். நான்தானே வெச்சேன், நான்தான் சொல்லோணும்" என்று மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கனத்த உடம்பு அவருக்கு. வெள்ளலூர்ச் சாலையில் இரண்டு பேரும் போனதை நான் பார்த்தேன். சிஸ்டர் ஏதோ சொல்ல, டாக்டரம்மா பின்னாலிருந்து அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனார்.

அதற்கெல்லாம் முன்பு, ஆறுமுகம் ஆபரேஷன் செய்துகொண்டு, அவருடைய சோதனை முடிவு வந்த நாளில், தற்செயலாக நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிற்பகல் ஷிப்டுக்குப் போகும் வழியில் மயிலாத்தாள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்திருந்தாள். ஆறுமுகம் பட்டறையில் அனுமதி கேட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். மூன்று மாதங்களில் அவர் கொஞ்சம் பேசக் கற்றிருந்தார். பட்டறையில் முதலில் கேலி செய்த இருவர், பிறகு தனித்தனியாக வந்து விவரம் கேட்டதாகவும், "ஊட்டுல சொல்லிப்போட்டு வாங்க, அப்பறம் சொல்றேன்" என்று அனுப்பியதாகவும் சிஸ்டரிடம் சொன்னார்.

சிஸ்டர் உறையைப் பிரித்து, தாளை என்னிடம் நீட்டினார். "தமிழ்ல சொல்லுங்க அம்மணி."

"விந்தைப் பரிசோதித்ததில் உயிரணு எதுவும் காணப்படவில்லை" என்றேன்.

மயிலாத்தாள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் மெதுவாக விளக்கினார். "இனி மாத்திரை வேண்டாம். ஆபரேசன் வேண்டாம். லீவு வேண்டாம். நீ போயி உன் மெசினப் பாரு."

மயிலாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். "பட்டியல்ல இப்ப நான் மூணாவது பேருங்க சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் பக்கத்தில் அமர்ந்து, முந்தின ஷிப்டிலிருந்து அவள் தலையில் தங்கியிருந்த பஞ்சு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எதையும் கேட்கவில்லை.

பிறகு அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். "நேரமாச்சுங்க. போயிட்டு வாரேனுங்க." ஆறுமுகம் தூக்குப்போசியை வாங்கி சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் சைக்கிள் திரும்பும் வரை சிஸ்டர் வாசலில் நின்றார். உள்ளே வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மரக்கதவைத் திறந்தார்.

"அடுத்தவங்க வாங்க அம்மணி."